மாதவிடாய் நின்றது, வலி நிற்கவில்லை: எண்டோமெட்ரியோசிஸும் உட்கரு ஏற்பிகளும் – ஒரு நிகழ்வு ஆய்வு

"மாத்திரையை ஒரு நாள்கூட விடல டாக்டர். பீரியட்ஸும் நின்னுடுச்சு. அப்புறம் ஏன் வலிக்குது?"

32 வயதுப் பெண் கேட்டது. டையனோஜெஸ்ட் என்ற புரோஜெஸ்டின் (புரோஜெஸ்டிரோன்போல் வேலை செய்யும் மருந்து) 2 மி.கி. தினமும் ஏழு மாதம் எடுத்திருந்தார். நான்காம் மாதத்திலிருந்து உதிரப்போக்கு இல்லை. வலி மட்டும் பத்துக்கு எட்டிலிருந்து ஆறுக்கு இறங்கி, அங்கேயே நின்றுவிட்டது. அன்று நான் சொன்ன பதில் "சிலருக்குக் கொஞ்சம் நாள் ஆகும்". அது பதிலே அல்ல என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். சரியான பதில் அவர் கேள்வியிலேயே இருந்தது. ஒரே மாத்திரை, ஒரே ரத்தம். கருப்பைக்குள் இருக்கும் உட்படலம் மருந்துக்குக் கட்டுப்பட்டது, வெளியே வளர்ந்த அதே வகைத் திசு, அதாவது எண்டோமெட்ரியோசிஸ், கட்டுப்படவில்லை. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதுதான் இந்தக் குறிப்பின் வேலை.

அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காக ஒன்றுக்கு மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைக் கலந்து ஒருவராக எழுதியிருக்கிறேன். நோயின் போக்கு இந்த நோயைப் பார்ப்பவர்கள் அடிக்கடி சந்திப்பதுதான்.

வரலாறு

வலி தொடங்கியது 14 வயதில். முதலில் மாதவிடாயின் முதல் இரண்டு நாள். பிறகு ஒரு வாரம் முன்பே. இருபதுகளின் நடுவில் மலம் கழிக்கும்போதும் உடலுறவின்போதும் குத்தல் சேர்ந்துகொண்டது. 24 வயதில் கருத்தடைக் கூட்டு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். முதல் வருடம் நன்றாக இருந்து, இரண்டாம் வருடம் பயனில்லாமல் போனது. நோய்க்குப் பெயர் வைக்கப்பட்டது 31 வயதில். முதல் வலியிலிருந்து 17 வருடம். உலகம் முழுக்கச் சுமார் 19 கோடிப் பெண்களுக்கு, அதாவது குழந்தை பெறும் வயதில் பத்தில் ஒருவருக்கு இருக்கும் நோய் இது. கண்டுபிடிக்க ஏழெட்டு வருடம் ஆவது சாதாரணம். இவருக்கு அதைவிட இரண்டு மடங்கு ஆகியிருக்கிறது.

பரிசோதனையில் கருப்பை பின்னோக்கிச் சாய்ந்து, அசையாமல் இருந்தது. இடப்பக்கம், கருப்பையைத் திருவெலும்போடு கட்டியிருக்கும் இணைப்புநாரில் விரல் பட்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். எம்.ஆர்.ஐ.யில் இடது சினைப்பையில் 4 செ.மீ. சாக்லேட் கட்டி (பழைய ரத்தம் நிறைந்த கட்டி), அந்த இணைப்புநாரில் 2 செ.மீ. முடிச்சு, மலக்குடலின் முன்சுவரை ஒட்டி மெல்லிய தடிப்பு. டையனோஜெஸ்ட் எடுத்துக்கொண்டிருந்தபோது பார்த்த ரத்த எஸ்ட்ரடையால் (முக்கிய ஈஸ்ட்ரோஜன்) மில்லி லிட்டருக்கு 38 பிகோகிராம்.

இந்த 38 என்ற எண்தான் என்னை ஏமாற்றியது. எண்டோமெட்ரியோசிஸ் திசு பட்டினி கிடக்கும் அளவுக்குக் குறைவாகவும், எலும்பு தேயாத அளவுக்குப் போதுமானதாகவும் ஈஸ்ட்ரோஜனை வைத்திருக்க முடியும் என்று 1992-இல் பார்பியரி என்ற ஆய்வாளர் சொன்னார். அந்த இடைவெளி ஏறக்குறைய 30 முதல் 50 பிகோகிராம். இவருடைய அளவு அதற்குள் சரியாக உட்கார்ந்திருந்தது. காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால் ரத்தக் குழாயிலிருந்து எடுத்த ரத்தம் முடிச்சுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லாது.

ஸ்லைடில் தெரிந்தது

ஏழு மாதம் முடிந்ததும் வெறுத்துப்போய் மாத்திரையை அவரே நிறுத்திவிட்டார். இரண்டு மாதம் கழித்து லேப்ராஸ்கோப்பி செய்தோம். சாக்லேட் கட்டியின் உறையையும் இணைப்புநார் முடிச்சையும் எடுத்தாயிற்று. குடல்மீது இருந்ததைச் சீவி எடுத்தோமே தவிர, குடலை வெட்டவில்லை. அதே மயக்கத்தில் கருப்பை உட்படலத்திலிருந்தும் ஒரு சிறு துண்டு எடுத்து அனுப்பினேன். அப்போது பெரிதாக யோசித்துச் செய்ததல்ல. பின்னால் பார்த்தால் இந்த நிகழ்வில் நான் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

ஒரு வாரம் கழித்து நோயியல் துறையிலிருந்து போன். "டாக்டர், இவங்க புரோஜெஸ்டின் எப்போ நிறுத்தினாங்க?" ஏன் கேட்கிறீர்கள் என்றேன். "நீங்களே வந்து பாருங்க."

இரண்டு ஸ்லைடு. இரண்டிலும் புரோஜெஸ்டிரோன் ஏற்பிக்கான, அதாவது அந்த ஹார்மோன் போய் ஒட்டும் புரதத்துக்கான கறை. இந்தக் கறையில் ஏற்பி உள்ள செல்லின் உட்கரு பழுப்பாகவும், இல்லாதது வெளிர்நீலமாகவும் தெரியும். முதல் ஸ்லைடு கருப்பை உட்படலம். சுரப்பிகளும் பழுப்பு, அவற்றுக்கு இடையே நிரம்பியிருக்கும் ஸ்ட்ரோமா செல்களும் மிளகு தூவினாற்போல் நெருக்கமாகப் பழுப்பு. இரண்டாவது, இணைப்புநார் முடிச்சு. நார்த்திசுவுக்கு நடுவே தீவுபோல இரண்டு மூன்று சுரப்பிகள். அவற்றில் ஓரளவு பழுப்பு. சுற்றியுள்ள ஸ்ட்ரோமா முழுக்க நீலம். தேடித்தான் பழுப்பைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

நோயியல் மருத்துவர் போனில் கேட்ட கேள்வி முக்கியமானது. புரோஜெஸ்டின் மருந்தே புரோஜெஸ்டிரோன் ஏற்பியைக் குறைக்கும். மருந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது எடுத்த திசுவில் ஏற்பி இல்லை என்றால், அது நோயின் இயல்பா மருந்தின் விளைவா என்று சொல்ல முடியாது. இங்கே இரண்டு மாத இடைவெளி இருந்தது. அதே நாளில் அதே உடலிலிருந்து எடுத்த உட்படலமும் ஒப்பிடுவதற்குக் கையில் இருந்தது. இந்த இரண்டும் இல்லாமல் அந்த ஸ்லைடை வைத்து எதையும் பேசியிருக்கக்கூடாது.

கதவைத் தட்டியும் உள்ளே ஆளில்லை

உட்கரு ஏற்பியின் ஆங்கிலப் பெயரில் 'நியூக்ளியர்' என்று பார்த்ததும் அணு உலை ஞாபகம் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே பேசுவது செல்லின் உட்கருவை. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், வைட்டமின் டி, வைட்டமின் ஏ-விலிருந்து வரும் ரெட்டினாயிக் அமிலம் போன்ற கொழுப்பில் கரையும் சின்ன மூலக்கூறுகள் செல்லுக்குள் நேராக நுழைந்துவிடும். உள்ளே அவற்றுக்கென்று இருக்கும் புரதத்தில் போய் ஒட்டும். அந்தப் புரதம் டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட இடத்தில் உட்கார்ந்து மரபணுவை இயக்கும் அல்லது அடக்கும். மனித உடலில் இப்படி 48 ஏற்பிகள். சிலவற்றுக்கு உடலில் எந்த ஹார்மோன் போய் ஒட்டுகிறது என்பதே கண்டுபிடிக்கப்படாததால் 'அநாதை ஏற்பி' என்று பெயர். இந்தக் கதையில் அப்படிப்பட்ட இரண்டு அநாதைகள் வருகின்றன.

முதலில் ஈஸ்ட்ரோஜன். அதற்கு இரண்டு ஏற்பிகள், ஆல்ஃபா, பீட்டா. பீட்டா இருப்பது 1996-இல்தான் தெரியவந்தது. இயல்பான உட்படலத்தில் ஆல்ஃபாவின் ஆட்சி. சுழற்சியின் முதல் பாதியில் ஈஸ்ட்ரோஜன் ஆல்ஃபா வழியாகச் செய்கிற வேலைகளில் ஒன்று, புரோஜெஸ்டிரோன் ஏற்பியை உருவாக்குவது. பின்பாதியில் வரப்போகிற புரோஜெஸ்டிரோனுக்கு ஈஸ்ட்ரோஜனே நாற்காலி போட்டு வைக்கிறது.

எண்டோமெட்ரியோசிஸ் ஸ்ட்ரோமா செல்லில் இந்த ஏற்பாடு தலைகீழ். பீட்டாவின் மரபணுவுக்கு முன்னால் இருக்கும் கட்டுப்பாட்டுப் பகுதியை இயல்பான உட்படலத்தில் டி.என்.ஏ.மீது ஒட்டும் மெத்தில் குறிகள் பூட்டி வைத்திருக்கும். நோய்த்திசுவில் அந்தப் பூட்டு இல்லை. பீட்டாவின் அளவு நூறு மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. ஏறிய பீட்டா ஆல்ஃபாவை அமுக்குகிறது. ஆல்ஃபா குறைந்ததும் புரோஜெஸ்டிரோன் ஏற்பி உருவாவதும் குறைகிறது. அந்த ஏற்பிக்கு ஏ, பி என்று இரண்டு வடிவங்கள், ஒரே மரபணுவிலிருந்து வருபவை; பி வடிவத்தில் 164 அமினோ அமிலம் கூடுதல். நோய்த்திசுவில் பி கிட்டத்தட்ட காணாமல் போகிறது, ஏ-யும் மிகக் குறைந்த அளவில்தான் மிஞ்சுகிறது என்று 2000-இல் சிகாகோவில் புலுன் குழுவினர் காட்டினார்கள். வழக்கமான ஆய்வகக் கறை இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது. நான் பார்த்த பழுப்பு இரண்டும் சேர்ந்தது.

ஆக, டையனோஜெஸ்ட் தவறாமல் அந்த முடிச்சுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். கதவைத் தட்டியும் உள்ளே ஆளில்லை. அவர் மாத்திரையை விடவில்லை என்பதும் உண்மை, மாத்திரை கருப்பைக்குள் வேலை செய்தது என்பதும் உண்மை. இந்த நோய் உள்ளவர்களின் கருப்பை உட்படலமே புரோஜெஸ்டிரோனுக்குக் கொஞ்சம் மந்தமாகத்தான் பதில் சொல்லும்; ஆனாலும் அது முடிச்சு அளவுக்குக் காது கேளாதது அல்ல.

வரத்து கூடி, மறுகால் அடைபட்ட குளம்

இனி 38 பிகோகிராம் ஏன் ஏமாற்றியது என்பதற்கு வருகிறேன்.

ஆண்ட்ரோஜனை (ஆண் ஹார்மோனை) ஈஸ்ட்ரோஜனாக மாற்றும் நொதி அரோமட்டேஸ். இயல்பான உட்படலத்தில் அது இருப்பதில்லை என்றே சொல்லலாம். அதைத் தடுத்து வைத்திருப்பது கூப்-டி.எஃப்.2 என்ற அநாதை ஏற்பி. அரோமட்டேஸ் மரபணுவுக்கு முன்னால் அது உட்கார்ந்திருக்கும். நோய்த்திசுவில் இன்னொரு அநாதை ஏற்பி வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது: ஸ்டீராய்டோஜெனிக் ஃபேக்டர்-1, சுருக்கமாக எஸ்.எஃப்.1. அட்ரீனலிலும் சினைப்பையிலும் விரையிலும் இருக்க வேண்டியது. உட்படலத்தில் அதன் மரபணுவை மெத்தில் பூட்டு அடைத்திருக்கும்; நோய்த்திசுவில் இந்தப் பூட்டும் திறந்து கிடக்கிறது. ஒரே நாற்காலிக்கு இருவர் போட்டியிட்டு, அடக்குபவன் போய் இயக்குபவன் உட்கார்ந்தால் என்ன ஆகும்? கொலஸ்ட்ராலை உள்ளே இழுக்கும் புரதம் முதல் அரோமட்டேஸ் வரை மொத்தப் பட்டறையும் ஓடத் தொடங்கும். சினைப்பை செய்கிற வேலையை இரண்டு செ.மீ. முடிச்சு தானே செய்துகொள்ளும்.

அந்தப் பட்டறைக்கு மின்சாரம் கொடுப்பது புராஸ்டகிளாண்டின் ஈ2. மாதவிடாய் வலிக்குக் காரணமான அதே பொருள். அது செல்லுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற சமிக்ஞை மூலக்கூறை உயர்த்துகிறது, எஸ்.எஃப்.1 அரோமட்டேஸ் மரபணுவில் உட்காருகிறது, எஸ்ட்ரடையால் உருவாகிறது. அந்த எஸ்ட்ரடையால் பீட்டா ஏற்பி வழியாக காக்ஸ்-2 நொதியைத் தூண்டி மேலும் புராஸ்டகிளாண்டினை உண்டாக்குகிறது. வலி ஈஸ்ட்ரோஜனை வளர்க்க, ஈஸ்ட்ரோஜன் வலியை வளர்க்கிறது. ஐபுபுரோஃபென் போன்ற மாத்திரைகள் இந்தச் சுற்றில் கை வைப்பது காக்ஸ் என்ற அந்த ஒரு கண்ணியில்தான்.

வரத்து இப்படி. வெளியேறும் வழியோ அதைவிட மோசம். இயல்பான உட்படலத்தில் புரோஜெஸ்டிரோன் ஸ்ட்ரோமா செல்லில் ஒட்டியதும் அங்கே ரெட்டினாயிக் அமிலம் உருவாகிறது. அது பக்கத்துச் சுரப்பிச் செல்லுக்குப் போய், அங்கிருக்கும் ரெட்டினாயிக் ஏற்பிகள் வழியாக 17-பீட்டா எச்.எஸ்.டி.2 என்ற நொதியைத் தூண்டுகிறது. வீரியமான எஸ்ட்ரடையாலை வலுவற்ற ஈஸ்ட்ரோனாக மாற்றுவது இந்த நொதி. சுரப்பிச் செல்லுக்கான உத்தரவு ஸ்ட்ரோமா செல்லிலிருந்து வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஸ்ட்ரோமாவில் புரோஜெஸ்டிரோன் ஏற்பி இல்லாதபோது சுரப்பியில் எவ்வளவு ஏற்பி பழுப்பாகத் தெரிந்தாலும் உத்தரவு போய்ச் சேராது. எங்கள் ஸ்லைடில் சுரப்பி பழுப்பு, ஸ்ட்ரோமா நீலம் என்று இருந்ததை இதோடு சேர்த்துப் படித்தபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது.

வரத்துக்கால் உடைத்துக்கொண்டு வருகிறது, மறுகால் அடைபட்டிருக்கிறது. குளத்துக்கு வெளியே மழைமானி வைத்து 38 என்று படித்துக்கொண்டிருந்தேன்.

பீட்டாவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. தவறான இடத்தில் விழுந்த உட்படலச் செல்லை உடல் சாகச் சொல்லும். பீட்டா அந்தச் சாவு உத்தரவை நிறைவேற்றும் புரதங்களோடு ஒட்டி அதை முடக்குகிறது. அழற்சியைக் கிளப்பும் இன்ஃப்ளமசோமோடு சேர்ந்து இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற அழற்சிப் புரதத்தையும் கூட்டுகிறது என்று 2015-இல் எலிகளில் காட்டினார்கள். எங்கள் நோயாளியின் திசுவில் பீட்டாவைப் பார்த்தோமா என்றால், இல்லை. அதற்கு நம்பத்தகுந்த எதிர்ப்பொருள் கிடைப்பதே பெரும்பாடு. புழக்கத்தில் இருந்த பலவும் வேறு புரதங்களில் ஒட்டிக்கொள்பவை என்று தெரியவந்திருக்கிறது. புரோஜெஸ்டிரோன் ஏற்பி குறைந்திருந்ததைக் கண்டோம். பீட்டா கூடியிருக்கும் என்பது எங்கள் ஊகம்.

சிகிச்சை, அதில் ஒரு தவறு

அறுவைக்குப் பின் மீண்டும் வராமலிருக்க ஹார்மோன் கொடுப்பது நெறிமுறை. மறுபடியும் டையனோஜெஸ்டே எழுதினேன். ஸ்லைடைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்த பிறகும் கை பழக்கத்தில் அதையே எழுதியது. நியாயம் சொல்ல வேண்டுமானால், நோய்த்திசுவின் பெரும்பகுதியை எடுத்தாயிற்று, சினைமுட்டை வெளிவருவதை மருந்து தடுக்கும், புதிதாக எதுவும் ஊன்றாது என்று சொல்லலாம். ஐந்து மாதம் வலியில்லாமல் இருந்தார். ஒன்பதாம் மாதம் வலி ஏழுக்கு வந்தது. எம்.ஆர்.ஐ.யில் மலக்குடல் முன்சுவரில் 1.2 செ.மீ. முடிச்சு, சீவிய அதே இடத்தில்.

அடுத்து, மூளையிலிருந்து சினைப்பைக்கு வரும் தூண்டுதலை நிறுத்தும் ஜி.என்.ஆர்.எச். ஊசி மாதம் ஒன்று, எலும்பைக் காக்கக் குறைந்த அளவு ஹார்மோன் கூடவே, ஆறு மாதம். வலி நான்குக்கு வந்தது. சினைப்பையை அடைத்ததற்கு இவ்வளவு பலன். ஊசி முடிந்து மூன்று மாதத்தில் மறுபடி ஏழு.

பிறகுதான் அரோமட்டேஸ் தடுப்பான் பற்றி அவரிடம் பேசினேன். இந்தச் சிந்தனைக்கு வழிகாட்டியது 1998-இல் வெளியான ஒரு நிகழ்வு. 57 வயதுப் பெண், கருப்பையும் இரண்டு சினைப்பைகளும் எடுத்தாகிவிட்டது, ஆனாலும் எண்டோமெட்ரியோசிஸ் திரும்பத் திரும்ப வந்தது. சினைப்பையே இல்லாதவருக்கு ஈஸ்ட்ரோஜன் எங்கிருந்து வந்தது? அனஸ்ட்ரோசோல் ஒன்பது மாதம் கொடுத்ததும் முடிச்சு சுருங்கியது. சினைப்பைக்கு வெளியே உற்பத்தி நடக்கிறது என்பதற்கு நோயாளியின் படுக்கையருகே கிடைத்த சான்று அது.

மாதவிடாய் நிற்காத வயதில் அரோமட்டேஸ் தடுப்பானைத் தனியாகக் கொடுக்கக்கூடாது. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததை மூளை கவனித்து சினைப்பையைத் தூண்டும், நீர்க்கட்டிகள் வரும். அதனால் லெட்ரோசோல் 2.5 மி.கி.யோடு நோரெதிஸ்டிரோன் அசிட்டேட் 2.5 மி.கி. சேர்த்தோம். இதில் புரோஜெஸ்டினின் வேலை சினைப்பையை உறங்க வைப்பது. முடிச்சுக்குள் அது வேலை செய்யும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. எண்டோமெட்ரியோசிஸுக்கென்று லெட்ரோசோல் அனுமதி பெற்ற மருந்தல்ல, ஐரோப்பிய வழிகாட்டுதல் மற்றவை பலிக்காதபோதுதான் இதைச் சொல்கிறது, இந்த ஆறு மாதமும் கருத்தரிக்கக்கூடாது என்பதையெல்லாம் சொல்லி எழுத்தில் சம்மதம் வாங்கினோம். கால்சியம், வைட்டமின் டி, தொடக்கத்திலும் முடிவிலும் எலும்பு அடர்த்திப் பரிசோதனை.

மூன்றாம் மாதம் வலி நான்கு, ஆறாம் மாதம் மூன்று. மலம் கழிக்கும்போது வரும் குத்தல் கிட்டத்தட்டப் போய்விட்டது. முடிச்சு 0.9 செ.மீ. காலையில் எழும்போது விரல் மூட்டுகள் இறுகிக்கொள்வதாகச் சொன்னார். இது லெட்ரோசோலின் பழகிய தொல்லை. இடுப்பு முதுகெலும்பில் அடர்த்தி சுமார் 2 சதவீதம் குறைந்திருந்தது.

ஏற்பி விளக்காதவை

வலி குறைந்ததால் விளக்கம் சரி என்று ஆகிவிடாது. இரண்டு மருந்து சேர்ந்தது, ஒப்பிட ஆள் இல்லை, ஏழிலிருந்து மூன்றுக்கு வருவதில் காலத்துக்கும் கவனிப்புக்கும் பங்குண்டு. இதே கூட்டை நோரெதிஸ்டிரோனைத் தனியாகக் கொடுப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், மருந்து எடுக்கும்வரை கூட்டு மருந்தில் வலி குறைவு, நிறுத்தினால் இரண்டிலும் திரும்புகிறது, தொல்லைகள் கூட்டு மருந்தில் அதிகம் என்றே கண்டார்கள். லெட்ரோசோல் பட்டறையைப் பூட்டுகிறது. மெத்தில் பூட்டைத் திரும்பப் போடுவதில்லை.

ஏற்பியைப் பார்த்துப் போட்ட கணக்கு தப்பியதும் உண்டு. ராலோக்சிஃபென் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில் ஒட்டி சில திசுக்களில் அதை முடக்கும் மருந்து. எலிகளில் முடிச்சைச் சுருக்கியது. அறுவைக்குப் பின் பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்தால், போலி மாத்திரை எடுத்தவர்களைவிட வலி சீக்கிரம் திரும்பியது. சோதனையைப் பாதியில் நிறுத்தி, 2008-இல் அதை வெளியிட்டார்கள். வைட்டமின் டி ஏற்பி, பி.பி.ஏ.ஆர். காமா என்ற இன்னொரு உட்கரு ஏற்பி ஆகியவற்றின் பேரில் எழுந்த நம்பிக்கைகளும் இன்னும் மருந்துச் சீட்டுக்கு வந்து சேரவில்லை. ஆண்ட்ரோஜன் ஏற்பி வழியாகவும் வேலை செய்யும் டானசோல் 1970-களிலேயே வந்தது, வலியைக் குறைத்தது. முகப்பருவும் முடியும் குரல் மாற்றமும் சேர்ந்து வந்ததால் ஓரம் கட்டப்பட்டது.

புரோஜெஸ்டிரோன் ஏற்பி அதிகமுள்ள முடிச்சு புரோஜெஸ்டின் மருந்துக்கு நன்றாகப் பதில் சொல்கிறது என்று 2018-இல் ஒரு ஆய்வு வந்தது. மார்பகப் புற்றுநோயில் ஏற்பியைப் பார்க்காமல் ஹார்மோன் மருந்து எழுத மாட்டோம். இங்கே இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் மார்பகத்தைப்போல் இதில் ஊசி போட்டுத் திசு எடுக்க முடியாது, ஒரே பெண்ணின் இரண்டு முடிச்சுகள் ஒன்றுபோல் இருப்பதுமில்லை. நாங்கள் பார்த்தது இணைப்புநார் முடிச்சை. திரும்பி வந்தது குடல் முடிச்சு. அதை யாரும் கறை போட்டுப் பார்க்கவில்லை.

மிச்சமிருந்த வலியில் ஒரு பகுதி ஹார்மோன் சார்ந்ததே அல்ல. இத்தனை வருட வலியில் இடுப்புத்தளத் தசைகள் இறுகி, தொட்டாலே துடித்தன. பிசியோதெரபிஸ்ட் வாரம் ஒருமுறை பத்து வாரம் வேலை செய்ததில் உடலுறவு வலி தணிந்தது. எந்த ஏற்பியும் இதில் சம்பந்தப்படவில்லை.

இப்போது அவருக்கு 34 வயது. குழந்தை வேண்டும் என்ற முடிவுக்கு வந்திருப்பதால் எல்லா ஹார்மோன்களையும் நிறுத்திவிட்டோம். நிறுத்திய பின் வந்த முதல் மாதவிடாயில் வலி நான்கு, இரண்டாவதில் ஐந்து. கருத்தரிப்பு மையத்துக்குக் கடிதம் எழுதும்போது 'டையனோஜெஸ்டுக்குப் போதிய பதில் இல்லை. இணைப்புநார் முடிச்சின் ஸ்ட்ரோமாவில் புரோஜெஸ்டிரோன் ஏற்பி மிகக் குறைவு, அதே நாள் எடுத்த கருப்பை உட்படலத்தில் இயல்பு' என்று சேர்த்தேன். அடுத்த வருகை ஆறு வாரத்தில்.